நெதர்ட்டன் மந்தையில ஒரு கொம்பு

...அதத்தான் நானும் கேக்கறேன், போதகரய்யா. தன் காளைய அடுத்தவன் மந்தைக்குள்ள விட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு மனுஷன் சர்ச்சுல எனக்கு முன் பெஞ்சுல எப்படி வந்து உக்கார்றான்? கயித்தக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க. அவ்வளவு இறுக்க வேண்டாம். ஆங், அப்படித்தான். இந்தப் பழைய வைக்கோல வாரிக் கொட்டிட்டா முடிஞ்சுது. வீடு சந்திக்க வந்தவர் கையில கன்னுக்குட்டியக் குடுக்கறானேன்னு நினைக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் இந்தக் கொட்டகைக்குள்ள கால் வச்சதே கிடையாது. முன்னறையில உக்காந்து ஆறு ஓட்ஸ் ரொட்டி, பாதிப் பாலாடைக்கட்டி, ஒரு ஜபம். கிளம்பிடுவார். இன்னிக்கு ஜெஸ்ஸி வேற இல்ல. பெம்பளைங்க கூட்டம்னு வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. டீ போடத் தெரிஞ்ச ஆள் வீட்டுல இல்ல. அதனால கன்னுக்குட்டியோட திருப்திப்பட்டுக்குங்க.

மணி என்ன ஆச்சு? ஒண்ணேகாலா. ம். சும்மாதான் கேட்டேன்.

அந்தக் கதவு வழியாப் பாருங்க. மேட்டுல சாம்பல் கலர்ல ஒரு வீடு தெரியுதுல்ல, அதான் ஹில்ஹெட், அவன் பண்ணை. ரெண்டு மணிக்கு அங்க லாரி வருது. அந்தக் கொம்பன், அவன் காளை, கசாப்புக்குப் போறான். போகட்டும். நல்லாப் போகட்டும். நான் போகச் சொன்னேனா? நான் சொல்லல. ஹில்ஹெட்காரன் அவனாத்தான் சொன்னான், அறுபது பேர் முன்னால. அறுபது பேர் நடுவுல நின்னு, "என் காளைதான் பண்ணியிருக்கும், அனுப்பிடறேன்"னு சொன்னான். அவன் வாயால சொன்னது. நான் எதுக்கு வருத்தப்படணும்? படல.

உங்க கோட்டு நுனியப் பாத்துக்குங்க, மெல்லுது. எதைக் குடுத்தாலும் மெல்லும். அந்தத் திருட்டு ரத்தம் அப்படி.

என்னை மிஸ்டர் மட்ச்னு கூப்பிட்டீங்க பாருங்க, யாரையோ கூப்பிடறாங்கன்னு நான் திரும்பிப் பாத்தேன். இந்தப் பக்கம் மனுஷனுக்குப் பேர் கிடையாது, ஐயா. பண்ணைக்குத்தான் பேர். நான் நெதர்ட்டன். அவன் ஹில்ஹெட். நாளைக்கே நான் பண்ணைய வித்துட்டு டவுனுக்குப் போனேன்னு வச்சுக்குங்க, எனக்குப் பேரே இருக்காது. சாண்டின்னு என்னைக் கூப்பிடறது ரெண்டே பேர். ஒண்ணு ஜெஸ்ஸி, அதுவும் கோவம் இல்லாத நாள்ல. இன்னொண்ணு ஆர்ச்சி. ஹில்ஹெட்தான், அவன் பேரு ஆர்ச்சி ரென்னி. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. போன சனிக்கிழமையிலேர்ந்து அவனும் என்னை "நெதர்ட்டன்"னுதான் கூப்பிடறான். கூப்பிடட்டும். பேர்தானே அது.

என்ன சொல்ல வந்தேன்... ஹம்லி. ஹம்லின்னா என்னன்னு வாசல்ல கேட்டீங்கல்ல. நீங்க இருந்த க்ளாஸ்கோல அந்த வார்த்தைக்கு வேலை இருக்காது. மோழை, ஐயா. கொம்பில்லாத மாடு. வெட்டி விட்டது இல்ல, தீய்ச்சு விட்டது இல்ல, பிறவியிலயே இல்லாதது. பெல்லா தலையத் தடவிப் பாருங்க, அந்த மூலையில நிக்கறவதான், கடிக்க மாட்டா. உச்சியில ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். இந்தப் பக்கன் சீமையில மாடுன்னா கறுப்பு ஹம்லி. மத்ததெல்லாம் ஏதோ நாலு கால்ல நிக்குது, பால் கறக்குது, நாம எதுவும் சொல்றதில்ல.

கொம்பு எதுக்கு வேணும்னு கேக்கறேன். அக்டோபர்ல உள்ள கட்டினா மே மாசம் வரைக்கும் இந்தக் கொட்டகைதான். டர்னிப் போட்டா பதினாலும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டுத் திங்கும். ஒண்ணுக்கு மட்டும் கொம்பு இருந்ததுன்னு வைங்க, அது பெரிய மனுஷி ஆயிடும், மத்த பதிமூணும் பட்டினி. சர்ச் கமிட்டியிலயும் அப்படி ஒருத்தர் இருக்கார், பேர் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிப்பீங்க.

நெதர்ட்டன் மந்தைன்னா அது ஒரு பேர், ஐயா. நான் சொல்லிக்கிறது இல்ல, சொல்றாங்க. எங்கிட்ட காளை வாங்கினவன் அயர்லாந்துல இருக்கான். வாசல் கம்பத்துல பலகை பாத்தீங்கல்ல, "இம்மந்தையில் கொம்பில்லை"ன்னு. நான் எழுதி மாட்டினது. ஜெஸ்ஸி அப்பவே சொன்னா, "இல்லாததை எதுக்குப் பலகையில எழுதணும்"னு. அவளுக்கு வியாபாரம் தெரியாது.

போன சனிக்கிழமை மந்தை பாக்கற நாள். நம்ம ஹம்லி மாட்டுச் சங்கத்துல வருஷத்துக்கு ஒருத்தர் பண்ணைக்கு எல்லாரும் வருவாங்க. இந்த வருஷம் என் முறை. இருபது வருஷமாக் காத்திருந்த முறை. ஜெஸ்ஸி மூணு நாளா பார்லி சூப்பு, ஆட்டுக்கறி வச்ச பை, ஜாம் தடவின ஸ்கோன்னு வீட்டையே கேன்டீன் ஆக்கிட்டா. அறுபது பேரு, தடியும் தொப்பியுமா. பெர்த்துலேர்ந்து சங்கத் தலைவரே வந்திருந்தாரு. தொந்திக்கு மேல தங்கச் சங்கிலி. மாட்டைப் பாத்தா முகத்துல ஒண்ணும் காட்டிக்க மாட்டாரு, நல்லா இருந்தா மூக்கால ஒரு "ம்" வரும். என்னோட டியூக்கைப் பாத்து ரெண்டு தடவை "ம்" சொன்னாரு. டியூக்னா என் காளை. ரெண்டு "ம்" யாருக்கும் கிடைச்சதில்ல, ஐயா.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர்ல ஒருத்தனும் பேச மாட்டான், எல்லாருக்கும் சேத்து நான் ஒருத்தன் பேசறேன், அதான் என் வியாதி. வைக்கோல் கட்டு மேல ஏறி நின்னுக்கிட்டு, "நாற்பது வருஷமா இந்த மந்தையில ஒரு கொம்பு முளைச்சது கிடையாது"ன்னு சொல்றேன். சொல்லி வாய் மூடல. பின் கொட்டகைக் கதவு திறந்துக்குது. உங்க கையில இருக்கே, இந்த உத்தமன், ஆடி அசைஞ்சு வர்றான். நேரா தலைவர்கிட்டப் போறான். அவர் தொடையில தலைய வச்சு ஒரு தேய். கால்சட்டையில ஓட்டை விழுந்துது. விரல் நீளம் ரெண்டு கொம்பு, ஐயா. அறுபது பேரும் பாத்தாங்க. யாரோ ஒருத்தன் ஸ்கோன் மென்னுக்கிட்டிருந்தான், அது மட்டும் கேட்டுது.

என் முகத்துல ஈயாடல. அப்பத்தான்... அப்பத்தான் நான் கையை நீட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேட்டுல அந்தக் கொம்பன் நின்னுக்கிட்டிருந்தான். லாக்கின்னு பேரு. செக்கச்செவேல்னு, கண்ணை மறைச்சுக்கிட்டு முடி, இந்த வாசல் அகலத்துக்குக் கொம்பு. "அதோ அவன் வேலை. வேலி தாண்டி வந்திருக்கான்"னு சொன்னேன். எல்லாரும் திரும்பி ஆர்ச்சியப் பாத்தாங்க. அவன் கூட்டத்துலதான் நின்னான், கையில டீயோட. என்னைப் பாத்தான். கன்னுக்குட்டியப் பாத்தான். டீயைக் கீழ வச்சான். "ஆமா, இருக்கும்"னான். தலைவர் விடறாரா? "காளை எப்ப வந்துது உங்ககிட்ட?"ன்னு கேட்டாரு. "போன வருஷம் ஜூன்ல"ன்னான். "வேலி ஓட்டை, என் தப்புதான். காளைய அனுப்பிடறேன், வியாழக்கிழமை லாரி வரும்"னான். தலைவர் ஒரு "ம்" சொன்னாரு. கணக்குத் தீந்துது. என் மந்தை பேரு தப்பிச்சுது.

அப்புறம் என்ன பண்ணினான் தெரியுமா? திங்கக்கிழமை விடியக்காலையிலயே வந்து அந்த வேலியச் சரி பண்ணான். அஞ்சு கம்பம் புதுசு, மூணு வரிசை கம்பி. இருந்தது என்னமோ ஒரு கம்பம் சாஞ்சு கிடந்தது, அதையும் சாய்ச்சது என் பசு, முதுகு சொறிய. ஒரு கம்பம் சாஞ்சதுக்கு அஞ்சு கம்பம் நட்டுட்டுப் போறான். நான் இங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சுத்தியல் சத்தம் ஒவ்வொண்ணும் இங்க, நெஞ்சுல விழுந்துது. குற்றம் பண்ணவன் பண்றான், எனக்கு என்ன?

மணி?... ஒண்ணரை. உங்க கடிகாரம் கொஞ்சம் வேகமோ?

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நீங்களே பாத்திருப்பீங்க. வாசல்ல கொல்லன் நிக்கறான். "நல்ல வெயில், நெதர்ட்டன்"ங்கறான். ஆர்கன் வாசிக்கிற அந்தம்மா, "நல்ல வெயில், நெதர்ட்டன்." போஸ்ட்மேன், "நல்ல வெயில்." ஐயா, மழை கொட்டிக்கிட்டிருந்துது. தொப்பியிலேர்ந்து சட்டைக்குள்ள தண்ணி ஓடுது, எல்லாரும் எனக்கு வெயில் சொல்லிட்டுப் போறாங்க. எங்க ஊர்ல யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. திட்டினா திருப்பித் திட்டலாம், எனக்கு அது நல்லா வரும். வெயிலுக்கு என்ன பதில் சொல்றது?

எதுக்கு அப்படிச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியல. எனக்கு எப்படித் தெரியும்.

முதல்ல அந்தக் கொம்பனை இங்க கொண்டுவந்ததே தப்பு. அது எஃபி பண்ண வேலை. ஆர்ச்சி பொண்டாட்டி, நீங்க பாத்ததில்ல, நீங்க வர்றதுக்கு முந்தின வருஷமே தவறிப் போயிட்டா. டைரீ தீவுக்காரி. நல்லாப் பாடுவா. முப்பது வருஷம் அவ அடுப்படி ஜன்னல்லேர்ந்து தெரிஞ்சது என்னோட மாடுங்கதான். "சாண்டி, மழையில யாரோ நிலக்கரி மூட்டைய இறக்கிட்டு மறந்துட்டுப் போன மாதிரி நிக்குதுங்க"ன்னு என்கிட்டயே சொல்லுவா. என் மாட்டை. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, கோவம் வராது. அவ ஊர் மாடு ஒண்ணு வேணும்னு ரொம்ப ஆசை. சிவப்பா, சடையா, கொம்போட. பெருசா ஒண்ணும் கேக்கல பாருங்க, ஜன்னல் வழியாப் பாக்க ஒரே ஒரு மாடு. வருஷா வருஷம் கேப்பா. ஆர்ச்சி என்னைப் பாப்பான். நான் சிரிப்பேன். "ஹம்லி சீமையில கொம்பனா? வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு உன் வீட்டு வாசல்ல நின்னு டிக்கெட் விப்பேன்"னு சொல்லுவேன். அவன் வாங்கல. நான் சிரிச்சேங்கறதுக்காக வாங்கல. அப்புறம் அவளும் போயிட்டா.

அவ போன அடுத்த வருஷம் வாங்கிட்டு வந்தான். யார் பாக்கறதுக்கு? தினம் காலையில வேலிகிட்ட நின்னுக்கிட்டு அதோட நெத்தி முடிய சீவி விடறான், ஐயா, சீப்பால. எஃபியோட சீப்பு அது. ஜெஸ்ஸி பாத்துட்டு வந்து சொன்னா. நான் அப்பவும் சிரிச்சேன்னு நினைக்கறேன்.

சரி, அது கிடக்கு. விஷயத்துக்கு வர்றேன். நீங்க படிச்சவர், ஆர்ச்சி உங்க சபை மூப்பர். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னன்னா, காளைய அனுப்பறது அவன் இஷ்டம், ஆனா என்மேல முறைச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. அவன் முறைக்கல, அது வேற. நல்லாத்தான் பேசறான். "நெதர்ட்டன், நல்ல வெயில்"ங்கறான். அவனும்.

தடவிப் பாருங்க, தடவிப் பாருங்க. அப்பன் யாருன்னு தெரியும். ரோமம் சடை சடையா... இன்னும் வரல. பின்னாடி வரும். இப்ப கொஞ்சம் வழவழன்னுதான் இருக்கு. கறுப்பாவும் இருக்கு. அது தாய் பக்கம். தாய் பக்கம் ஜாஸ்தி வந்துடுச்சு. தலைய மட்டும் பாருங்க, அதுலதான் அவன் அப்பன்.

எப்பப் பிறந்ததா? ஏப்ரல் கடைசி. நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்குப் பனி பெஞ்சுது. ஏன் கேக்கறீங்க?

...அது என்ன, விரலை மடக்கறீங்க?

இல்ல, மடக்குங்க, மடக்குங்க. உங்க விரல். பிரசங்கத்துக்கு ஏதோ கணக்குப் போடறீங்க போல. ...அக்டோபர்லேர்ந்தா? எதுக்கு அக்டோபர்லேர்ந்து ஆரம்பிக்கறீங்க?

ஆங்.

உங்களை சபையில ஏத்துக்கிட்ட அன்னிக்கு. அன்னிக்குத்தான்ல. சர்ச் வாசல்ல லாரி ஒண்ணு குறுக்க நின்னுது. அந்தக் கொம்பன் இறங்கினவன் வழி தெரியாம வந்து, பெம்பளைங்க கட்டி வச்சிருந்த பூத் தோரணத்தை வாயில வச்சுக்கிட்டு நின்னான். நீங்க அங்கி போட்டுக்கிட்டு அவன் போறதுக்காகக் காத்துக்கிட்டு நின்னீங்க. ஊரே நின்னுது. ஊரே சிரிச்சுது. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

எனக்கும் ஞாபகம் இருக்கு, ஐயா. நானும் அங்கதான் நின்னேன்.

ஆறு மாசம். பசுவுக்கு ஒன்பது மாசம்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். க்ளாஸ்கோல பசு இல்லியே. பெம்பளைங்களுக்கும் அதே கணக்குதான்ல, அது எனக்குத் தோணல. குறைப் பிரசவம்னு சொல்லிப் பாக்கலாமா? ...மூணு மாசம் குறைஞ்சா இந்த உடம்பு வராது. சரி. அது வேணாம்.

ஆமா, ஊருக்கே தெரியும். பெர்த்துக்காரங்களுக்கும் அயர்லாந்துக்காரங்களுக்கும்தான் தெரியாது. நம்ம ஊர் ஆளுங்க போன சனிக்கிழமை இருபது பேர் கூட்டத்துல நின்னாங்க, கொல்லன் உள்பட. ஆர்ச்சி "ஜூன்ல"ன்னு சொன்னப்ப எல்லாரும் அவங்கவங்க பூட்ஸைப் பாத்தாங்க. அதான் இந்த வெயில், வெயில், வெயில். ஆர்ச்சி பொய் சொன்னதே கிடையாது, ஐயா. பள்ளிக்கூடத்துல நான் உடைச்ச ஜன்னலுக்குக்கூட, "யார்னு சொல்ல மாட்டேன்"னுதான் சொன்னான், "தெரியாது"ன்னு சொல்லல. அந்த ஆள், அறுபத்தாறு வயசுல, அறுபது பேர் முன்னால, "ஜூன்ல"ங்கறான்.

ஏன் சொன்னான்னு கேக்க மாட்டீங்களா? கேக்க மாட்டீங்க. நீங்க வந்ததுலேர்ந்து ஒண்ணும் கேக்கல. நீங்களும் இந்த ஊர்க்காரர் ஆயிட்டீங்க.

ஏன்னா அவனுக்குத் தெரியும். கொம்பு எங்கேர்ந்து வந்துதுன்னு இந்த உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இப்ப உங்களோட மூணு. எங்க சபையில பாவ அறிக்கை எல்லாம் கிடையாது, எனக்குத் தெரியும், நான் சும்மா மாட்டைப் பத்திப் பேசறேன்னு வச்சுக்குங்க.

இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அப்ப என்கிட்ட சீமாட்டின்னு ஒரு பசு. அதைப் போல ஒரு முதுகு நான் பாத்ததில்ல, மேலே டீ கோப்பைய வச்சா தளும்பாது. அந்த வருஷம் அவ கன்னு செத்துப் பிறந்துது. என் மந்தைக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவதான். நான் இந்தக் கொட்டகையில உக்காந்து அழுதேன், வெக்கமில்லாம சொல்றேன், அழுதேன். அதே வாரம், சதுப்பு நிலம் பக்கம் தனியா இருந்த கர்ஸ்டிங்கற கிழவியோட பால் மாடு ஒரு கிடாரி போட்டுது. கறுப்பு. அந்த எலும்பு, அந்தத் தோள், அந்த நடை... எங்கேர்ந்து வந்துதோ தெரியல, கடவுள் விலாசம் மாறி அனுப்பிட்டாருன்னு நினைச்சேன். அதோட தாய்க்கு இத்தனை பெரிய கொம்பு. கன்னுக்கும் உச்சியில தொட்டா தெரியும், கொண்டை ஊசித் தலை அளவுக்கு ரெண்டு.

கிழவிக்குக் காசு குடுத்து நான் அதை இங்க தூக்கிட்டு வந்தேன், அவளும் இப்ப உயிரோட இல்ல. செத்த கன்னோட தோலை உரிச்சு இது மேல போத்தினேன், சீமாட்டி மோந்து பாத்துட்டு ஏத்துக்கிட்டா. அப்புறம் அந்த வெள்ளைக் குச்சி. தொட்டா கை எரியும், அந்தக் குச்சி. உச்சியில முடிய வழிச்சுட்டு, ஈரம் பண்ணித் தேய்ச்சா முளை கருகிடும், பின்னால ஒண்ணும் தெரியாது. ஒருத்தன் தலையப் பிடிச்சுக்கணும். ஆர்ச்சி பிடிச்சான். "இது சரியில்ல, சாண்டி"ன்னான். ஒரு தடவைதான் சொன்னான். நான் கெஞ்சினேன். அவன் பிடிச்சான். மந்தைப் பதிவுப் புத்தகத்துல "குட்டிச் சீமாட்டி, சீமாட்டியின் மகள்"னு நானே எழுதினேன், நல்ல கையெழுத்துல.

குட்டிச் சீமாட்டிக்குக் கோப்பை கிடைச்சுது. வீட்டு அலமாரியில இருக்கே, அது. அவ பேரன்தான் டியூக். அவ பேத்திதான் பெல்லா. என் மந்தையில பாதி அவதான். போன வருஷம் ஜூலையில டியூக்கும், இவன் தாய் பெல்லாவும் ஒரே மேய்ச்சல்ல இருந்தாங்க. விவசாயக் கல்லூரியிலேர்ந்து வந்த ஒருத்தன் எப்பவோ சொன்னான், கொம்பு அப்பன் தாய் ரெண்டுல ஒரு பக்க ரத்தத்துல ஒளிஞ்சிருந்தா வெளிய வராது, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தா ஒரு நாள் வரும்னு. நான் காதுல போட்டுக்கல. என் மந்தையில எதுக்கு வருதுன்னு இருந்துட்டேன்.

இவனோட அப்பன் டியூக், ஐயா. லாக்கி இல்ல. லாக்கி பாவம், அந்த வேலியத் தாண்டினதே இல்ல. அவனுக்கு முடி கண்ணை மறைக்குது, வேலி எங்க இருக்குன்னே தெரியாது.

ஆர்ச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். "மாசத்தை எண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை. அவன் காளை பிழைச்சிருக்கும், எஃபியோட மாடு. என் மந்தை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அவன் டீயைக் கீழ வச்சுட்டு "ஜூன்ல"ன்னான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி தலையப் பிடிச்சுட்டோம்னு இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கான், மடையன். நான் கேட்டேனா அவனை? நான் கேக்கல. நான் கையை நீட்டினேன், அவ்வளவுதான்.

அஞ்சு நாளா தூக்கம் இல்ல எனக்கு. இந்த வைக்கோலை இன்னிக்கு மூணாவது தடவை மாத்தறேன், நல்ல வைக்கோல்தான் அது, அழுக்கே இல்ல. இங்கேர்ந்து பாத்தாத்தான் அந்த ரோடு தெரியும்.

அதனால போதகரய்யா, நான் என்ன நினைக்கறேன்னா, நீங்க சைக்கிள்ல வந்திருக்கீங்க, ஹில்ஹெட் பத்து நிமிஷ தூரம். நீங்க போய்ச் சொன்னா கௌரவமா இருக்கும். நெதர்ட்டன் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டான், மாசக் கணக்குல ஒரு சின்னக் குழப்பம், காளை இருக்கட்டும்னு... கொம்பு எங்கேர்ந்து வந்துதுங்கறதை எல்லாம் நீட்ட வேணாம். அப்புறம் தலைவர்கிட்ட மெதுவா, ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு... நான் சொல்றது காதுல விழுதா? இந்த வைக்கோல் கட்டைத் தூக்கிப் போட்டுட்டு வந்துடறேன். நீங்க எப்படி ஆரம்பிக்கணும்னா, "நல்ல வெயில், ஹில்ஹெட்"னு...

ஐயா?

போதகரய்யா?

எங்க போனார் இந்த மனுஷர்? கயித்தை கேட்டுல கட்டியிருக்கார். முடிச்சுகூட சரியாத்தான் போட்டிருக்கார், பரவாயில்ல. ஹில்ஹெட்டுக்குத்தான் கிளம்பிட்டார் போல, நல்ல மனுஷர், சொன்ன உடனே... சைக்கிள் இங்கயே நிக்குதே. சுவத்துல சாச்சு வச்சிருக்கு, என் பக்கமாத் திருப்பி. அதோ போறார். நடந்து போறார். போதகரய்யா, அந்தப் பக்கம் இல்ல. அது உங்க வீட்டுக்குப் போற வழி. ஹில்ஹெட் இந்தப் பக்கம்... திரும்பிப் பாக்க மாட்டேங்கறார். கையை மட்டும் தூக்கி ஆட்டறார்.

சைக்கிளை எனக்கு விட்டுட்டுப் போறாராம். அறுபத்தாறு வயசுக்காரனுக்கு.

அது என்ன சத்தம்? ...லாரி. பாலம் தாண்டிடுச்சு. இன்னும் ரெண்டு மணியே ஆகலியே, நாசமாப் போறவன், மத்த நாளெல்லாம் ஒரு மணி நேரம் தாமதமா வருவான்.

சைக்கிள் வேணாம். சைக்கிள்ல போனா நான் மட்டும்தான் போவேன், நான் மட்டும் போனா வழியிலயே ஏதாவது ஒண்ணு ஜோடிச்சுடுவேன், என்னை எனக்குத் தெரியும். வாடா, கொம்பா. நீயும் வா. வயல் வழியாப் போவோம், அதான் கிட்ட. இழுக்காத. உன்னை மூணரை மாசமா ஒளிச்சு வச்சது போதும், இன்னிக்கு ஊரே பாக்கட்டும். கொல்லன் பட்டறை வாசல்ல நிக்கறான் பாரு, வாயப் பொளந்துக்கிட்டு. ஆமாப்பா, நல்ல வெயில்தான் இன்னிக்கு. நிஜமாவே வெயில்.

இந்த வேலி. அஞ்சு கம்பமும் என்ன கெட்டியா நட்டிருக்கான் பாவி. குனி. கம்பிக்குக் கீழ குனி, கொம்பு மாட்டுது பாரு. எனக்கும் சட்டை மாட்டுது. கிழியட்டும். தலைவருக்கு நாளைக்குக் கடுதாசி எழுதிக்கலாம், வாசல் பலகையையும் நாளைக்குக் கழட்டிக்கலாம். அங்க பாரு, லாரியோட ஏத்துப் பலகையச் சாய்ச்சுட்டாங்க, லாக்கிய ஏத்தறாங்க. ஆர்ச்சி சீப்போட நிக்கறான். கடைசியா ஒரு தடவை சீவி விடறான்.

ஏய், லாரிக்காரரே. நிறுத்துப்பா. அந்த மாட்டை இறக்கு. ஆர்ச்சி, ஆர்ச்சி, இறக்கச் சொல்லு அவனை. இந்தக் கொம்பு என்னோடது.